கேன்டர்பரி பள்ளிக்கூட வீடு

அமெரிக்காவில் கறுப்பர் அடிமைத்தனம் என்றவுடன் நமக்குத் தெற்குதான் ஞாபகத்துக்கு வருகிறது. பருத்திக்காடு, சவுக்கு, ஏலம். வடக்கு என்றால் லிங்கன், விடுதலை. பாடப்புத்தகம் இப்படித்தான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. அந்த வடக்கில், கனெக்டிகட் மாநிலத்தில், கேன்டர்பரி என்ற சின்ன ஊரில் ஒரு வீடு நிற்கிறது. 1805 வாக்கில் கட்டின இரண்டடுக்கு மரவீடு. ஊர் நடுவில், ரோடுகள் சேருகிற இடத்தில், ஊர்ப் பெரிய மனிதர்களின் வீடுகளோடு வீடாக. மாநில அரசு 1969இல் அதை வாங்கி 1984இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. 1991இல் அதற்குத் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. வாசலில் உள்ள பெயர் புரூடென்ஸ் கிராண்டல்.

அந்த வீட்டுக்குள் ஒன்றரை வருசம் நடந்த ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் பலகையில் உள்ள பெயரிலிருந்து தொடங்க எனக்கு விருப்பமில்லை.

மரியா டேவிஸ் என்ற கறுப்பு இளம்பெண்ணிடமிருந்து தொடங்கலாம். அவள் அந்த வீட்டில் வேலைக்காரி. கிராண்டல் 1831இல் அங்கே வெள்ளைக்காரப் பெண்பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி தொடங்கியிருந்தார். ஊர்ப் பணக்காரர்கள் கூப்பிட்டு வைத்துத் தொடங்கச் சொன்ன பள்ளிக்கூடம். மரியா வேலை ஓய்ந்த நேரத்தில் வகுப்பில் போய் உட்கார்ந்து கேட்பாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவுகிற பெண் ஒரு மூலையில் உட்கார்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

1832இல் சாரா ஹாரிஸ் வந்து கேட்டாள். வயது 20. சொந்த நிலம் வைத்து விவசாயம் பார்த்த ஒரு சுதந்திரக் கறுப்பரின் மகள். தன் சனத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆசிரியை ஆகவேண்டும், அதற்குக் கொஞ்சம் கூடுதலாகப் படிக்க வேண்டும், பகல் மாணவியாகச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டாள். அவ்வளவுதான் கேள்வி. அதே பள்ளியில் படித்த வெள்ளைப் பிள்ளைகள் சிலரோடு அவள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் ஒன்றாக உட்கார்ந்து படித்தவள்தான். சின்ன வயசில் சேர்ந்து உட்கார்ந்ததில் குற்றமில்லை. வேலைக்காரியாக வகுப்பில் உட்கார்ந்ததிலும் குற்றமில்லை. மாணவியாக, கட்டணம் கட்டி, நாளைக்கு ஆசிரியையாகப் போகிறவளாக உட்கார்ந்தபோதுதான் ஊர் எழுந்தது.

இந்த நுணுக்கத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்க ஆயா எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்து முற்றத்தையும் திண்ணையையும் கூட்டினவள். ஜன்னலுக்கு வெளியே நின்று கூட்டிக் கூட்டியே பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் மனப்பாடமாகச் சொல்லுவாள். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அவள் அங்கே நிற்பதை எந்த வாத்தியாரும் தடுத்ததில்லை. அவள் மகன், என் அப்பன், சிலேட்டோடு போய் அந்தத் திண்ணைக்கு உள்பக்கம் உட்கார்ந்தபோது மட்டும் ‘எங்கடா ஏறுற?’ என்றார்கள்.

மரியாவின் பங்கு இதோடு முடியவில்லை. சாராவின் அண்ணன் சார்லஸை அவள் மணக்க இருந்தாள். சாராவின் அப்பா வில்லியம் ஹாரிஸ், காரிசன் 1831இல் தொடங்கிய அடிமை ஒழிப்புப் பத்திரிகையான ‘லிபரேட்டர்’ இதழுக்கு அந்தப் பகுதி முகவர். மரியா வழியாக அந்தப் பத்திரிகை எஜமானியின் கைக்குப் போனது. கிராண்டல் அதைப் படித்தார். அதாவது டீச்சரம்மா தானாக ஒருநாள் மனம் இளகி உதவி செய்யவில்லை. அடுப்படியிலிருந்து பத்திரிகை போயிருக்கிறது, அதற்குப் பிறகுதான் சாராவின் கேள்வி போயிருக்கிறது. முற்போக்கு வரலாறுகளில்கூட இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. முதலில் வெள்ளை மனசாட்சி, அப்புறம் கறுப்பு மாணவி என்று.

அதற்காகக் கிராண்டலைக் குறைத்துச் சொல்லவில்லை. சாராவை நீக்காவிட்டால் பள்ளி மூழ்கிப்போகும் என்று பாதிரியார் மனைவி வந்து எச்சரித்தபோது, மூழ்கினால் மூழ்கட்டும், அவளை வெளியே அனுப்ப மாட்டேன் என்று சொன்னவர். கடன் வாங்கி வாங்கின வீடு அது. பெற்றோர்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டினார்கள். அவர் பாஸ்டனுக்குப் போய்க் காரிசனைப் பார்த்தார். திரும்பி வந்து, வெள்ளைப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இனி இது கறுப்புப் பெண்களுக்கான பள்ளி என்று 1833 மார்ச்சில் ‘லிபரேட்டர்’ இதழில் விளம்பரம் கொடுத்தார். மூன்று மாதத்துக்குக் கட்டணம் 25 டாலர், பாதி முன்பணம். ஏப்ரல் 1 அன்று பள்ளி திறந்தது. இதை நல்ல மனசு என்று மட்டும் சொன்னால் போதாது. ஒரு மாணவியை நீக்கு என்றவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடத்தையே பதிலாகக் கொடுத்திருக்கிறார்.

மார்ச் 9 அன்றே ஊர்க்கூட்டம் போட்டார்கள். பெண் என்பதால் கிராண்டல் அதில் பேச முடியாது. தன் சார்பில் பேச சாமுவேல் மே என்ற பக்கத்து ஊர் மதகுருவையும், அர்னால்டு பஃபம் என்ற அடிமை ஒழிப்புக்காரரையும் கடிதம் கொடுத்து அனுப்பினார். அவர்களையும் பேச விடவில்லை. கூட்டத்தை நடத்தியவர்களில் முதல் ஆள் ஆண்ட்ரூ ஜட்சன். வக்கீல், அரசியல்வாதி, கிராண்டலின் பக்கத்து வீட்டுக்காரர். கறுப்பர்களை ஆப்பிரிக்காவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்ற குடியேற்றச் சங்கத்துக் கொள்கைக்காரர். கறுப்பர் இந்த நாட்டில் தங்கள் அடிநிலையை விட்டு எழவே முடியாது, எழ விடவும் கூடாது என்று தன்னிடம் ஜட்சன் சொன்னதாக மே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். முடியாது என்றால் முடியாது, அதற்கு மேல் விடக்கூடாது எதற்கு? இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போதே குட்டு உடைந்துபோகிறது. நம்ம ஊரில் ‘அதுகளுக்குப் படிப்பு ஏறாது’ என்று சொன்னவர்கள்தான் பள்ளிக்கூட வாசலை மறித்து நின்றவர்களும்.

பிள்ளைகள் பாஸ்டன், பிராவிடென்ஸ், நியூயார்க், பிலடெல்பியா என்று பல ஊர்களிலிருந்து வந்தார்கள். இருபதுக்கு மேற்பட்டவர்கள். ஊர் என்ன செய்தது? கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். வைத்தியர் பார்க்க மறுத்தார். தேவாலயத்தில் இடமில்லை என்றார்கள். தெருவில் போனால் கல், முட்டை, கத்தல். வீட்டுக் கிணற்றில் சாணியை அள்ளிக் கொட்டினார்கள். பக்கத்து வீடுகளில் ஒரு வாளி தண்ணீர் தரவில்லை. கிராண்டலின் அப்பா தன் பண்ணையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இதை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். சாதி என்பது இந்தியாவுக்கே உரியது, நிறவெறியோடு ஒப்பிடக் கூடாது என்று நம்ம சமூகவியல் பேராசிரியர்கள் சிலர் அழுத்திச் சொல்வார்கள். கிணறு என்ன சொல்கிறது? அடக்குகிறவனுக்குக் கோபம் வந்தால் அவன் கை முதலில் தண்ணீருக்குத்தான் போகிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம்ம சனம் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. 1833க்கும் 2022க்கும் நடுவில் கிட்டத்தட்ட 190 வருசம்.

இன்னொன்றும் இருக்கிறது. 1834 ஜனவரியில் அந்தப் பள்ளிக்கூட வீட்டின் ஒரு மூலையில் தீ பிடித்தது. அணைத்துவிட்டார்கள். குற்றவாளி என்று யாரைப் பிடித்தார்கள் தெரியுமா? ஃபிரெடரிக் ஆல்னி என்ற கறுப்பரை. கடிகாரம் ரிப்பேர் செய்ய அந்த வீட்டுக்கு வந்தவர், தீயை அணைக்கக் கை கொடுத்தவர். ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். வேங்கைவயல் வழக்கில் 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் இருக்கும் மூன்று பேரும், அந்தத் தண்ணீரைக் குடித்த சனத்தைச் சேர்ந்தவர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன், அவ்வளவுதான்.

சாணியும் கல்லும் போதாதபோது சட்டம் வந்தது. வெளியூரிலிருந்து வந்து பிச்சையெடுத்து ஊருக்குப் பாரமாகிறவர்களை விரட்ட ஒரு பழைய சட்டம் இருந்தது. வெளியேறாவிட்டால் வாரத்துக்கு ஒரு டாலர் 67 சென்ட் அபராதம், அதையும் கட்டாவிட்டால் வெற்றுடம்பில் பத்து கசையடி வரை. பிராவிடென்ஸிலிருந்து படிக்க வந்த 17 வயது ஆன் எலைசா ஹாமண்ட் மேல் இந்தச் சட்டத்தை ஏவினார்கள். கட்டணம் கட்டிப் படிக்கிற பெண்ணுக்குப் பிச்சைக்காரச் சட்டம். மே பிணைத்தொகைக்கு ஏற்பாடு செய்தார். அடிப்பதானால் அடிக்கட்டும் என்று அந்தப் பெண் உறுதியாக இருந்ததாக அவரே எழுதுகிறார். ஊர்க்காரர்களுக்கு அந்தத் துணிச்சல் இருக்கவில்லை. கசையடி நடக்கவில்லை.

பிறகு ஜட்சனும் கூட்டாளிகளும் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார்கள். 1833 மே 24 அன்று சட்டம் நிறைவேறியது. வரலாற்றில் அதற்குக் கறுப்புச் சட்டம் என்று பெயர். மாநிலத்துக்கு வெளியிலிருந்து வரும் கறுப்பர்களுக்குப் பள்ளி நடத்த வேண்டுமானால் அந்தந்த ஊர் நிர்வாகிகளிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் தடவை 100 டாலர் அபராதம், அடுத்த தடவை 200, இப்படியே இரட்டிப்பாகும். சட்டம் நிறைவேறிய செய்தி கேட்டதும் கேன்டர்பரியில் மணி அடித்தார்கள், பீரங்கி வெடித்தார்கள்.

ஜூன் 27 அன்று கிராண்டலைக் கைது செய்தார்கள். ஜாமீன் தொகை கட்ட நண்பர்கள் இருந்தார்கள், வேண்டுமென்றே கட்டவில்லை. ஒரு பள்ளிக்கூட டீச்சரை அரசு சிறையில் வைத்தது என்று நாடு முழுக்கத் தெரியட்டும் என்று. ஒரு ராத்திரி சிறை. மறுநாள் ஜாமீன். நியூயார்க் வியாபாரி ஆர்தர் டாப்பன் பணம் கொடுக்க, பிரச்சாரத்துக்கென்றே ‘யூனியனிஸ்ட்’ என்று ஒரு பத்திரிகையும் தொடங்கினார்கள். போராட்டத்தில் இருக்கும் தோழர்கள் இந்த உத்தியைக் கவனிக்க வேண்டும். ஊர் விலக்கம் பண்ணும்போது ஊருக்கு வெளியே பேச ஒரு வாய் வேண்டும்.

ஆகஸ்டில் நடந்த முதல் விசாரணையில் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை. அக்டோபரில் நடந்த இரண்டாவது விசாரணையில் நீதிபதி டேவிட் டாகெட் ஜூரிகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: கறுப்பர்கள் அரசியல் சட்டம் சொல்லும் குடிமக்கள் அல்ல. எனவே இன்னொரு மாநிலத்துக் கறுப்புப் பெண்ணுக்கு இங்கே வந்து படிக்கும் உரிமை கிடையாது. தீர்ப்பு, குற்றவாளி. மேல்முறையீட்டில், 1834 ஜூலையில், நீதிமன்றம் தண்டனையைத் தள்ளுபடி செய்தது. எதற்காக? குற்றச்சாட்டில் பள்ளிக்கு அனுமதி இல்லை என்ற வாசகம் சரியாக எழுதப்படவில்லையாம். குடிமக்களா இல்லையா என்ற கேள்வியைத் தொடவே இல்லை. நழுவிக்கொண்டார்கள்.

தொடாமல் விட்ட கேள்வி எங்கே போய் நின்றது பாருங்கள். 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி டானி தீர்ப்பு எழுதினார். அதில் கனெக்டிகட்டின் இந்த வழக்கையும் எடுத்துக்காட்டினார். வடக்கத்தியர்களே இப்படித்தானே நடத்தினீர்கள் என்று கேட்கும் தொனியில். ஒரு சின்ன ஊரில் இருபது பெண்கள் படிக்க உட்கார்ந்ததை எதிர்த்துச் சொன்ன வாதம், இருபத்து நாலு வருசத்தில் நாட்டின் சட்டமாகிவிட்டது. ஊர்க்கூட்டத்தில் பேசுவதை ‘சும்மா ஊர்ப்பேச்சு’ என்று விடக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஜட்சனின் கதை வேறு திசையில் போனது. அவர் பின்னாளில் மத்திய அரசின் மாவட்ட நீதிபதியானார். அமிஸ்டாட் கப்பலில் கலகம் செய்து பிடிபட்ட ஆப்பிரிக்கர்களின் வழக்கு 1840இல் அவரிடம்தான் வந்தது. அவர்கள் அடிமைகள் அல்ல, திருப்பி அனுப்புங்கள் என்று தீர்ப்புச் சொன்னார். மனம் மாறிவிட்டார் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவதில் அவருக்கு என்றைக்குமே ஆட்சேபம் இருந்ததில்லையே.

சட்டத்தால் மூட முடியாத பள்ளியைக் கடைசியில் கும்பல் மூடியது. 1834 செப்டம்பர் 9, நள்ளிரவு. கட்டையோடும் கடப்பாரையோடும் வந்து ஜன்னல்களை உடைத்தார்கள். ஏறக்குறைய தொண்ணூறு கண்ணாடிகள். உள்ளே பெண்பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பள்ளி மூடப்பட்டது. வீடு மட்டும் நின்றது. அது நின்றதே அபூர்வம்தான். இங்கே படித்த ஜூலியா வில்லியம்ஸ் அடுத்ததாக நியூ ஹாம்ப்ஷயரில் கானான் என்ற ஊரில் கறுப்பரையும் வெள்ளையரையும் சேர்த்துப் படிக்கவைத்த நோயஸ் அகாடமியில் போய்ச் சேர்ந்தாள். 1835 ஆகஸ்டில் அந்த ஊர்க்காரர்கள் தொண்ணூறு நூறு ஜோடி மாடுகளைப் பூட்டி, பள்ளிக் கட்டிடத்தையே அஸ்திவாரத்திலிருந்து பெயர்த்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரே பெண், இரண்டு வருசத்துக்குள் இரண்டு பள்ளிக்கூடங்கள் அழிவதைப் பார்த்திருக்கிறாள்.

கறுப்புச் சட்டம் 1838இல் ரத்தானது. கிராண்டல் கல்யாணமாகி மேற்கே போய்விட்டார், கடைசியில் கன்சாஸில் வறுமையோடு வாழ்ந்தார். 1886இல் கேன்டர்பரி ஊர்க்காரர்களே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுக்க, மாநிலம் அவருக்கு வருசத்துக்கு 400 டாலர் ஓய்வூதியம் கொடுத்தது. மார்க் ட்வைன் அதற்கு ஆதரவாக நின்றார். பழைய வீட்டையே வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். கிராண்டல் வேண்டாம் என்றுவிட்டார். 1890இல் இறந்தார். 1995இல் அவரைக் கனெக்டிகட் மாநிலத்தின் வீராங்கனையாக அறிவித்தார்கள். 2008இல் தலைநகர் ஹார்ட்ஃபோர்டில் சிலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் காசு சேர்த்துத் தொடங்கி வைத்த சிலை அது. கிராண்டலுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு மாணவி நிற்கிறாள்.

அந்த மாணவிக்குப் பெயர் என்ன என்று கேட்பதுதான் நம்ம வேலை. சாரா ஹாரிஸ், 1833 நவம்பரில், ஜார்ஜ் ஃபேயர்வெதர் என்ற கருமானை மணந்தாள். பிறந்த முதல் பெண்ணுக்குப் புரூடென்ஸ் கிராண்டல் என்றே பெயர் வைத்தாள். பின்னாளில் ரோட் ஐலண்டில் கிங்ஸ்டனில் குடியிருந்து அடிமை ஒழிப்பு வேலை செய்தாள். டீச்சரோடு கடிதத் தொடர்பு விடவில்லை. 1878இல் இறந்தாள். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு விடுதிக்கு இப்போது அவள் குடும்பப் பெயர். மரியா டேவிஸுக்கு எந்தக் கட்டிடமும் இல்லை.

நம்ம பக்கம் வருவோம். பக்கம் மாறவில்லை, உண்மையில் ஒரே பக்கம்தான். ஜோதிராவ் பூலே 1873இல் எழுதிய ‘குலாம்கிரி’யை, அடிமைத்தனத்தை ஒழிக்கத் தியாகம் செய்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அவரும் சாவித்திரிபாயும் புனேவில் பிடே வாடா என்ற வீட்டில் பெண்கள் பள்ளி தொடங்கியது 1848. கேன்டர்பரிப் பள்ளி மூடிப் பதினாலு வருசம். அங்கேயும் தெருவில் சாணி, கல். சாவித்திரிபாய் மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். அந்த வீட்டை நாம் காப்பாற்றவில்லை. கீழே கடைகளும் மேலே இடிபாடுமாகப் பல வருசம் கிடந்து, வழக்கில் மாட்டி, கடைசியில் 2023 டிசம்பரில் நினைவகம் கட்டுவதற்காகவே இடித்தார்கள். கனெக்டிகட்காரர்களுக்கு மரவீடு மிஞ்சியது. நமக்கு மிஞ்சியது ஒரு எழுத்து. பூலேயின் பள்ளியில் படித்த மாங் சாதிப் பெண் முக்தா, 14 வயதில், மாங் மகார் மக்களின் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1855இல் மராத்திப் பத்திரிகையில் வந்தது. அவள் எழுதினதால் அவள் பெயர் நமக்குத் தெரிகிறது.

சென்னைக்கு வாருங்கள். அடையாறுக்குப் பக்கத்தில் ஊரூரில் 1894இல் கர்னல் ஆல்காட் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். அவரும் அமெரிக்கர், உள்நாட்டுப் போரில் வடக்குப் பக்கம் இருந்தவர். அந்த வழியில் வந்த பள்ளி பெசன்ட் நகரில் ஆல்காட் பெயரிலேயே நடக்கிறது. நல்லது, நடக்கட்டும். முதல் நாள் அங்கே போய் உட்கார்ந்த சேரிப் பிள்ளைகள் யார், அவர்களை அனுப்பின தாய்மார்கள் யார்? இரட்டைமலை சீனிவாசன் தன் வரலாற்றில், கோயம்புத்தூரில் படித்த காலத்தில் தன் சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து மணி அடிக்கும் வரை வெளியே எங்கேயோ உட்கார்ந்திருந்ததைச் சொல்லுகிறார். அவர் தலைவரானதால் அது எழுத்தில் வந்தது. தலைவராகாத ஆயிரம் பேர் எங்கே உட்கார்ந்திருந்தார்கள்?

ஆல்காட்டையும் கிராண்டலையும் சேரிக்காரன் நன்றி மறந்து பேசுகிறான் என்று நினைக்க வேண்டாம். கதவைத் திறந்தவர் பெயர் பலகையில் இருக்கட்டும். கதவைத் தட்டினவள் பெயரும் அதே அளவு எழுத்தில் வேண்டும் என்கிறேன்.

எங்க வட்டாரத்தில் ஐம்பது வருசத்துக்கு முன்னால் சேரிகளில் கூரைக் கொட்டகையில் இரவுப் பள்ளிகள் நடந்தன. அரிக்கேன் விளக்கு, மணல், விரல். கொட்டகை எதுவும் இப்போது இல்லை. சில இடத்தில் ரேஷன் கடை, சில இடத்தில் குப்பைமேடு. முதல் செட்டில் படித்தவர்களின் பெயர்களை, வயசான பெண்களிடம் கேட்டு, நாங்கள் நாலு பேர் ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். நோட்டில் இப்போது முப்பத்தேழு பெயர்கள் இருக்கின்றன. அதில் பத்தொன்பது பெண்கள்.